மேம்படுத்தல் நடுவில் ‘இடம் போதவில்லை’ என்று நின்றால்

விண்டோஸ் 10-லிருந்து விண்டோஸ் 11-க்கு மாறும்போது இடம் போதவில்லை என்ற செய்தி வந்தால், எதையும் அழிப்பதற்கு முன் அந்தச் செய்தியை முழுமையாகப் படியுங்கள். அது ‘சிஸ்டம் ரிசர்வ்ட் பார்ட்டிஷன்’ என்று குறிப்பிட்டால், கணினியைத் தொடக்கும் கோப்புகள் இருக்கும், பெரும்பாலும் 100 எம்பி அளவேயுள்ள மறைவான பகுதி நிரம்பிவிட்டது என்று பொருள். அப்போது சி டிரைவில் எவ்வளவு அழித்தாலும் பயனில்லை. அப்பகுதியில் கை வைப்பதைத் தொடக்கநிலையினர் தவிர்த்து, விவரம் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

மற்றபடி, குறைவது சி டிரைவின் காலி இடம்தான். விண்டோஸ் 11-க்கு வேண்டும் எனப்படும் 64 ஜிபி, வட்டின் மொத்தக் கொள்ளளவே தவிர காலி இடம் அன்று. ஆனால் பதிவிறக்கிய கோப்புகளும், பழைய இயங்குதளமும், புதியதும் சிறிது காலம் ஒரே வட்டில் சேர்ந்திருக்க வேண்டியிருப்பதால், 20 ஜிபியாவது காலியாக வைத்துக்கொள்ளுமாறு சொல்வேன்.

முதலில் முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் வெளி டிரைவில் நகலெடுங்கள். பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ், அதில் டெம்பரரி ஃபைல்ஸ் என்று செல்லுங்கள். அங்கே தோன்றும் பட்டியலில் தற்காலிகக் கோப்புகள், ரீசைக்கிள் பின், பழைய அப்டேட் எச்சங்கள் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து நீக்கலாம். அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் கோப்புறையும் இருக்கும். அது உங்கள் சொந்தக் கோப்புகளைக் கொண்டது என்பதால், உள்ளே இருப்பதைப் பார்க்காமல் அதற்கு டிக் போடாதீர்கள். முந்தைய விண்டோஸ் நிறுவல் என்ற வரி இருந்தால் அது பல ஜிபியை விடுவிக்கும். ஆனால் அதை நீக்கியபின் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது.

இதற்குப் பிறகும் போதாவிட்டால், பெரிய காணொளிகளை வெளி டிரைவுக்கு மாற்றுங்கள். பயன்படுத்தாத விளையாட்டுகளையும் செயலிகளையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸ் கோப்புறைக்குள் நுழைந்து, பெரிதாகத் தெரிவதையெல்லாம் கையால் அழிக்காதீர்கள். குறிப்பாக வின்எஸ்எக்ஸ்எஸ் கோப்புறையில் இயங்குதளத்தின் பாகங்களே இருக்கின்றன. அங்கே அழித்தால் கணினி தொடங்காமலே போகலாம்.

உள்வட்டே சிறியதாக உள்ள கணினிகளில், குறைந்தது 10 ஜிபி காலியாக உள்ள யூஎஸ்பி டிரைவைச் செருகி, மேம்படுத்தல் கருவி கேட்கும்போது அதைத் தற்காலிக இடமாகத் தேர்ந்தெடுக்கலாம். வேலை முடியும்வரை அதைக் கழற்றக்கூடாது.

இடம் கிடைத்ததும் கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, சி டிரைவின் காலி இடத்தைச் சரிபார்த்த பின்னரே மேம்படுத்தலை மீண்டும் தொடங்குங்கள்.