தள்ளாடும் நாய், தலைசாய்ந்த பூனை: அவசரத்தில் செய்யும் தவறுகள்

முந்தைய இரவு வரை நன்றாக இருந்த வயதான நாய், காலையில் எழ முயன்று ஒரு பக்கமாகச் சரிந்து விழுகிறது. தலை சாய்ந்திருக்கிறது, கண்மணிகள் இடவலமாக ஓயாமல் துடிக்கின்றன, வாந்தியும் எடுக்கிறது. பார்ப்பவர் எவரும் பக்கவாதம் என்றே எண்ணுவர். இனிப் பிழைக்காது என்று முடிவு கட்டி, அன்றைக்கே கருணைக்கொலை ஊசி போடச் சொல்லிவிடுவதுதான் இதில் நேரும் மிகப் பெரிய தவறு. திருத்த முடியாத தவறும் அதுவே.

உடலின் சமநிலையை உணரும் உறுப்பு உட்காதில் இருக்கிறது. முதிய நாய்களில் வெளிப்படையான காரணம் எதுவுமின்றி அதன் செயல்பாடு திடீரென்று குலைவதுண்டு. முதல் நாள் மிகக் கொடுமையாகத் தோன்றினாலும், பெரும்பாலான நாய்கள் 3 நாட்களுக்குள் தேறத் தொடங்கி, 2 அல்லது 3 வாரங்களில் இயல்பாக நடக்கின்றன. சிலவற்றுக்குத் தலைச்சாய்வு மட்டும் சிறிது நிலைத்துவிடும். அதனால் துன்பம் எதுவுமில்லை.

அதற்காக, தானாகவே சரியாகிவிடும் என்று வீட்டிலேயே காத்திருப்பதும் சரியன்று. காரணமற்ற தள்ளாட்டம் என்பது, மற்ற காரணங்கள் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே சொல்லத்தக்கது. கண்மணிகள் மேலும் கீழுமாகத் துடித்தாலோ, பாதம் மடங்கி இழுபட்டாலோ, நாய் மந்தமாகக் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ கோளாறு மூளையில் இருக்கக்கூடும். ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது.

நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் தவறு, காதில் எதையாவது ஊற்றுவது. சென்ற முறை வாங்கி மிஞ்சிய சொட்டு மருந்தையோ, காய்ச்சிய எண்ணெயையோ விட்டுப் பார்க்கிறார்கள். நடுச்செவியில் சீழ் கோத்திருக்கும் விலங்குக்குச் செவிப்பறை கிழிந்திருக்கலாம். அந்நிலையில் ஜென்டாமைசின், நியோமைசின் போன்ற மருந்துகளும், காது கழுவப் பயன்படும் குளோர்ஹெக்சிடினும் உட்காதை அடைந்து சமநிலையையும் கேட்கும் திறனையும் கெடுக்கக்கூடும். செவித்திறன் நிரந்தரமாகவே போய்விடலாம். எனவே கருவி கொண்டு செவிப்பறையைப் பார்த்த பிறகே மருந்து என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. நாற்றமும் அரிப்பும் குறைந்தவுடன் காது சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதும், தொற்று உள்ளே பரவுவதற்கு வழிவகுக்கும்.

கொடுத்துவரும் மருந்துகளை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வயிற்றுப்போக்குக்கென்று மெட்ரோனிடசோலை மிகுந்த அளவிலோ நீண்ட நாட்களோ கொடுத்தால், அதுவே கடுமையான தள்ளாட்டத்தை உண்டாக்கும்; நிறுத்தியதும் பெரும்பாலும் நாய் மீள்கிறது. மனிதருக்கான தலைச்சுற்றல் மாத்திரையை நாமாகவே கொடுப்பதும் வேண்டாம்.

பூனையை ஒரு சிறிய நாய் என்று கருதக் கூடாது. நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தைப் பூனையின் கழுத்தில் விட்டால் உடல் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். சில வகை மீன்களைப் பச்சையாகவே நாள்தோறும் கொடுத்தால், அவற்றிலுள்ள ஒரு நொதி தயமின் எனும் வைட்டமினை அழித்துவிடுவதால் பூனை தடுமாறத் தொடங்கும். மீனை வேகவைத்துக் கொடுத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். பிறந்தது முதலே தள்ளாடும் குட்டியையும் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். தாயின் வயிற்றில் இருந்தபோதே வைரஸ் தொற்றால் சிறுமூளை வளர்ச்சி குன்றியிருந்தால், அந்தக் குறை நாளடைவில் கூடுவதில்லை. தள்ளாடியபடியே அது மகிழ்ச்சியாக வாழும்.

வீட்டுப் பராமரிப்பிலும் கவனம் தேவை. படுத்திருக்கும் விலங்கின் வாயில் தண்ணீரையோ கஞ்சியையோ புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்; நெஞ்சு நிமிர்ந்திருக்கும்படி தாங்கிப் பிடித்து, தானாக நக்கிக் குடிக்க விடுங்கள். வழுக்கும் தரையில் சாக்கோ பாயோ விரித்து, மாடிப்படியை அடைத்துவிடுங்கள். மருத்துவரிடம் புறப்படும் முன், கண்மணிகளின் துடிப்பையும் நடையையும் கைபேசியில் ஒரு நிமிடம் படமெடுத்துக்கொள்ளுங்கள். துடிப்பு சில மணி நேரத்தில் அடங்கிவிட்டாலும், அது எந்தத் திசையில் இருந்தது என்பதை அந்தப் படத்தைக் கொண்டே மருத்துவர் அறிய முடியும்.