விவசாயப் பொருளியலுக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன பெரும்போகம், அதாவது மாரிகால நெற்செய்கை, முடிந்த கையோடு இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு பேர் வினாக்கொத்தோடு என்னிடம் வந்தார்கள். விளைச்சல் பகுதியில் ஒரே கேள்வி: "ஏக்கருக்கு எத்தனை மூடை?" 13 வருடத்துக்கு முன் நான் அச்சடித்துக்கொண்டு போனதும் இதே கேள்விதான். மாதிரி அளவு, எக்ஸல், எழுத்துப்பிழை பற்றியெல்லாம் உங்கள் விரிவுரையாளர் ஏசுவார். நான் வயலில் பட்டதைச் சொல்கிறேன்.

மூடையை அளவென்று நம்புவது

என் ஆய்வு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில். குளத்துத் தண்ணீர் பாயும் வயலையும் மானாவாரி வயலையும் ஒப்பிட்டேன். குளத்துக்காரர்கள் ஏக்கருக்கு 25 மூடை என்றார்கள், மற்றவர்கள் 18. மூடைக்கு 70 கிலோ என்று நானே முடிவுகட்டி, கிலோவாக்கி, ரிக்ரஷனும் (எது விளைச்சலை எவ்வளவு மாற்றுகிறது என்று பார்க்கும் புள்ளிவிபரக் கணக்கு) ஓட்டிவிட்டேன். முடிவைக் கொண்டுபோய்க் காட்டியபோது வட்டை விதானை (வயல்வெளியின் தண்ணீரையும் வேலைகளையும் கவனிப்பவர்) கேட்டார்: "எந்த மூடை தம்பி? வெட்டின கையோட வரம்புல வித்ததா, காயப்போட்டுக் கட்டினதா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. குளத்துக்காரர்கள் வெட்டு மெஷின் நின்ற இடத்திலேயே ஈர நெல்லை வியாபாரிக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். மானாவாரிக்காரர்களோ றோட்டில் காயவைத்து வீட்டில் கட்டியிருந்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். 22 வீத ஈரப்பதனில் 70 கிலோ நெல் என்றால், தண்ணீர் போக மிஞ்சுவது 54.6 கிலோ. காய்ந்த நெல்லுக்குரிய 14 வீதத்தில் அது ஏறத்தாழ 63.5 கிலோ. 25 மூடைக்கு 160 கிலோவுக்கு மேல் காணாமல் போகிறது. ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 400 கிலோ. குளத்தின் பெருமை என்று நான் எழுதிய ஏழு மூடை வித்தியாசத்தில் மூன்றிலொன்று வெறும் ஈரம். இதுவும் எல்லா மூடையும் 70 கிலோ என்றால்தான். வியாபாரியின் சாக்கும் வீட்டுச் சாக்கும் ஒரே எடையில்லை என்பது அடுத்த தலையிடி.

60 வீட்டுக்கும் திரும்பப் போனேன். பெற்றோல் காசு என் கையிலிருந்து. பட்டம் பிந்தியது, கிடைக்கவிருந்த வேலைக்கு வேறொருவர் போய்விட்டார். இன்றைக்கும் ஓர் அறிக்கையில் எடை போடாத மூடையைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆகவே பிரித்துக் கேளுங்கள்: விற்றது எத்தனை, சாப்பாட்டுக்கு வைத்தது எத்தனை, விதைநெல்லுக்கு எத்தனை, குத்தகைக்கும் கடனுக்கும் நெல்லாகக் கொடுத்தது எத்தனை. கடைசியாகச் சொன்னதைக் கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொன்றும் ஈரமா, காய்ந்ததா, எத்தனை கிலோ, வியாபாரி கழிவு என்று எவ்வளவு வெட்டினார். ஈரமானி ஒன்றை இரவல் வாங்குங்கள். முடிந்தால் ஐந்தாறு மூடையை நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

வீட்டாள் உழைப்பை விடுவது

விவசாயத் திணைக்களத்தின் செலவு அறிக்கைகளில் இரண்டு கணக்கு இருக்கும்: சொந்த உழைப்புக்கும் சொந்தப் பொருளுக்கும் விலை போட்டது, போடாதது. ஒன்றை எடுத்து மற்றதோடு ஒப்பிட்டு "வேளாண்மை நட்டம்" என்று எழுதுகிறார்கள். எதை எடுத்தீர்கள் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், குடும்பத் தலைவரோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். ஒரு வீட்டில் "கூலியே செலவில்லை" என்றார் ஐயா. குசினியிலிருந்து அம்மா: "அப்ப நாங்க புல்லுப் புடுங்கினது?"

2021/22ஐச் சராசரியில் கலப்பது

2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். உரமில்லாமல் விளைச்சல் விழுந்த அந்தப் பெரும்போகத்தைத் தனியாக வையுங்கள்.

தம்புள்ளை விலையைக் களுதாவளை விவசாயியின் விலையாகப் போடுவது

தம்புள்ளை மொத்த விற்பனைச் சந்தைக்கும் மட்டக்களப்புப் பக்கத்துக் களுதாவளைக்கும் இடையில் லொறி ஓடுகிறது; அந்தக் கூலி விவசாயியின் கைக்கு வராது.

அரச நியமனத்துக்கு மட்டும் காத்திருப்பது

வங்கிகளின் விவசாயக் கடன் பிரிவு, காப்புறுதி, விதைக் கம்பனி, தொண்டு நிறுவனம் எல்லாவற்றுக்கும் நெல்லுக் கணக்குத் தெரிந்த ஆள் தேவை. விண்ணப்பியுங்கள்.

அறுவடை நாளில் பேட்டி எடுக்கப் போவது

வயல் வாடியில் யாரும் உங்களோடு உட்கார்ந்து பேச மாட்டார்கள். கையில் கேனைத் தந்து மெஷினுக்கு டீசல் எடுத்துவரச் சொல்வார்கள். நான் இரண்டு தடவை எடுத்துவந்திருக்கிறேன்.