அதிகம் அறியப்படாத படத்தைப் பார்த்துவிட்டு அபிப்பிராயம் சொல்வது எப்படி

பெரிய நடிகர் ஒருவரின் படத்தைப் பற்றி நாம் என்ன சொன்னாலும் யாருக்கும் நட்டமில்லை. ஆயிரம் பேரின் கருத்துகளோடு நம்முடையதும் கலந்து கரைந்துவிடும். ஆனால் 1977ஆம் ஆண்டின் ‘பொன்மணி’யைப் பற்றியோ, அயல்வீட்டுக்காரர் மட்டும் பார்க்கும் ஒரு சிங்களத் தொடர் நாடகத்தைப் பற்றியோ உங்கள் குடும்பத்திலும் அலுவலகத்திலும் வட்ஸ்அப் குழுவிலும் பேசப்போகிறவர் பெரும்பாலும் நீங்கள் ஒருவர்தான். ‘சரியான அறுவை’ என்று இரண்டு சொற்களில் முடித்துவிட்டால், கேட்ட பத்துப் பேரும் அந்தப் படத்தை இந்தப் பிறவியில் பார்க்கமாட்டார்கள். ஆகவே, தெரியாத படத்தைப் பற்றிப் பேசும் சாதாரணப் பார்வையாளருக்கு விமர்சகரை விடவும் சற்றுக் கூடுதலான பொறுப்பு உண்டு என்பது என் எண்ணம். நான் விமர்சகன் அல்லன். வேலை முடிந்து கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள தொடர்மாடி வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு படம் பார்ப்பவன். எனக்குப் பழகிப்போன முறையையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுக்கும் விதம். யூடியூப் எடுத்து நீட்டுவதை வரிசையாகப் பார்ப்பதில் பயன் குறைவு. ஏற்கெனவே பிடித்துப்போன ஒரு படத்திலிருந்து நூல் பிடித்துக்கொண்டு போவது நல்லது. ‘பொன்மணி’ யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பைப் பற்றிய தமிழ்ப் படம். அதை இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், வேலையற்ற கொழும்பு இளைஞர்களைப் பற்றி அவர் 1974இல் எடுத்த ‘அஹஸ் கவ்வ’வுக்கும், 1978இல் எடுத்த ‘பம்பரு எவித்’துக்கும் வந்து சேர்வோம். நடிகரைப் பிடித்துக்கொண்டும் போகலாம். 2022இல் காலமான தர்ஷன் தர்மராஜ் தமிழர். சிங்களப் படங்களிலும் தொடர்களிலும் நிறைய நடித்தவர். அவருடைய படங்களைத் தேடினாலே ஒரு வருடத்துக்குப் போதுமான பட்டியல் கிடைத்துவிடும். கொழும்பில் இருக்கும் தமிழருக்கு இரண்டு மொழிப் படங்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் நம்மில் பலர் சென்னைத் தொடர்களைத் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

எங்கே பார்ப்பது என்பதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பௌத்தாலோக மாவத்தையில் தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் தரங்கனி மண்டபம் இருக்கிறது. கிரெகரி வீதியில் ஜேர்மன் கலாசார நிலையமும், பார்ன்ஸ் பிளேஸில் பிரெஞ்சு மொழி நிலையமும் உள்ளன. அவற்றின் நிகழ்ச்சி நிரலை மாதம் ஒருமுறை பார்த்துவைத்தால் போதும். 2015இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு நேரில் போக முடியாவிட்டாலும், அதில் காட்டப்படும் படங்களின் பெயர்களையாவது குறித்துக்கொள்ளலாம். மற்றவை இணையத்தில்.

எந்தப் பிரதியைப் பார்த்தோம் என்பதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். பழைய இலங்கைத் தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு நல்ல பிரதியே கிடையாது. 1983 ஜூலைக் கலவரத்தின்போது ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்களும் அதோடு போயின. எஞ்சியவற்றில் சில, வீடியோ நாடாவிலிருந்து எடுக்கப்பட்டு, முகம் மங்கி, குரல் கரகரத்து நம்மிடம் வருகின்றன. மறுபுறம், சிங்கள இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘கம்பெரலிய’வும் ‘நிதானய’வும் வெளிநாட்டு உதவியுடன் புதுப்பிக்கப்பட்டுள்ளன, சுமித்ரா பீரிஸ் 1978இல் எடுத்த ‘கெஹெனு லமய்’யின் புதுப்பிக்கப்பட்ட பிரதி 2025இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவிலேயே காட்டப்பட்டது. துடைத்து மினுக்கிய பிரதியைப் பார்த்த கண்ணோடு ‘பொன்மணி’யைப் பார்த்துவிட்டு, “ஒளிப்பதிவு மட்டம்” என்று எழுதுவது எவ்வளவு பெரிய அநியாயம்! நாடாவின் குறையைப் படத்தின் தலையில் கட்டக்கூடாது. “நான் பார்த்தது இணையத்தில் கிடைத்த மங்கலான பிரதி, இரவுக் காட்சிகளில் யார் யாரென்று பிடிபடவில்லை” என்று ஒரே வரி எழுதிவிட்டால் வாசிப்பவர் தாமே கணக்குப் போட்டுக்கொள்வார்.

இதை நான் கற்றது சொந்தப் பிழையால்தான். அசோக ஹந்தகமவின் ‘இனி அவன்’ படத்தை முதன்முதல் பார்த்தது காலி வீதியில் பஸ்ஸில், கைப்பேசியில், ஒரு காதில் மட்டும் வேலை செய்த இயர்போனுடன், இரண்டு நாள் தவணையில். “மெதுவான படம், பெரிதாக ஒன்றுமில்லை” என்று நண்பர்களிடம் தீர்ப்பும் சொல்லிவிட்டேன். பிறகு ஒருநாள் அதே படத்தை ஒரு மண்டபத்தில் இருட்டில் உட்கார்ந்து பார்த்தபோதுதான், நான் வெற்றிடம் என்று நினைத்த இடங்களிலெல்லாம் ஓசை இருந்தது தெரிந்தது. நான் மெதுவென்று சொன்னது படத்தையல்ல, பஸ்ஸை. அன்றிலிருந்து, கைப்பேசியில் பார்த்த எதைப் பற்றியும் நல்லதோ கெட்டதோ உறுதியாகச் சொல்வதில்லை.

பார்ப்பதற்கு முன் விமர்சனம் எதையும் வாசிக்க வேண்டாம். விருதுப் பட்டியலும் வேண்டாம். விருது பெற்ற படம் என்று தெரிந்துவிட்டால், அலுப்பு வந்தாலும் அதை ஒப்புக்கொள்ள மனம் கூசும். 2005இல் கான் விழாவில் முதல் பட இயக்குநருக்கான தங்கக் கமரா விருதைப் பகிர்ந்துகொண்ட விமுக்தி ஜயசுந்தரவின் ‘சுலங்க எனு பினிச’ அப்படிப்பட்ட படம். அதில் எனக்குப் புரியாத இடங்கள் உண்டு; ‘புரியவில்லை’ என்றே கொப்பியில் எழுதியிருக்கிறேன். அது வெட்கப்பட வேண்டிய வாக்கியமில்லை.

கொப்பி என்றேன். நாற்பது தாள் பள்ளிக் கொப்பி ஒன்று போதும். படம் ஓடும்போது நிறைய எழுதினால் படம் தவறிப்போகும். ஆகவே, கண்ணில் பட்ட பொருளையும் காதில் விழுந்த சொல்லையும் ஒரு சொல்லாகக் கிறுக்கி, பக்கத்தில் நிமிடத்தைப் போட்டுவைக்கவும். பிரசன்ன விதானகேயின் ‘ஒப நத்துவ ஒப எக்க’ (2012) மலையகத்து அடகுக் கடைக்காரர் ஒருவருக்கும், நகை அடகு வைக்க வரும் தமிழ்ப் பெண்ணுக்கும் இடையிலான கதை. அதற்கு என் கொப்பியில் இருப்பவை இவ்வளவுதான்: ‘மல்யுத்தம் — டிவி’, ‘தராசு’, ‘பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை?’. மறுநாள் அந்த மூன்றையும் பார்த்தபோது, வீட்டில் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டு அமைதியாக இருக்கும் அந்த மனிதரைப் பற்றி எழுத இரண்டு பந்தி தானாக வந்தது. ‘அருமையான நடிப்பு’ என்று குறித்திருந்தால் ஒரு வரியும் வந்திருக்காது.

கொழும்புத் தமிழ்ப் பார்வையாளர் சொல்லக்கூடியதும் பிறர் சொல்ல முடியாததுமான விடயம் ஒன்று உண்டு: திரையில் பேசப்படும் தமிழ். தொடக்க கால இலங்கைத் தமிழ்ப் படங்கள் சென்னைப் படங்களின் பேச்சையே பின்பற்றின. 1972இல் கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்து, டபிள்யூ. எஸ். மகேந்திரன் இயக்கிய ‘குத்துவிளக்கு’ யாழ்ப்பாணப் பேச்சைத் திரைக்குக் கொண்டுவந்தபோது அதுவே ஒரு செய்தியாக இருந்தது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ (1978) வரும்போது கடற்கரைப் பேச்சும் வந்துவிட்டது. இன்றைக்கும், சிங்கள இயக்குநரின் படத்தில் வரும் தமிழ்ப் பாத்திரம் எந்த ஊர்த் தமிழ் பேசுகிறது, மட்டக்களப்பு ஆள் யாழ்ப்பாணம் போலப் பேசுகிறாரா, தோட்டத்துப் பெண் வானொலி அறிவிப்பாளர் போலப் பேசுகிறாளா என்பதை ஆங்கில உபதலைப்பை நம்பிப் பார்க்கும் வெளிநாட்டு விமர்சகர் கண்டுபிடிக்கமாட்டார். நமக்கோ இரண்டாவது வசனத்திலேயே தெரிந்துவிடும். அதை எழுதுங்கள். ஆனால் அது ஒன்றையே பிடித்துக்கொண்டு முழுப் படத்தையும் தள்ளிவிட வேண்டாம். அதேபோல, சிங்களப் படத்தை நாம் உபதலைப்பு வைத்துப் பார்த்திருந்தால் அதன் வசனத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதே மரியாதை.

‘உண்மைச் சம்பவம்’ என்ற முத்திரையிலும் கவனம் தேவை. இத்தாலியரான உபெர்ட்டோ பசோலினி 2008இல் எடுத்த ‘மச்சான்’, இலங்கையின் கைப்பந்தாட்ட (ஹேண்ட்போல்) அணி என்று சொல்லி ஜேர்மனிக்குப் போய் 2004இல் மறைந்துவிட்ட 23 பேரின் செய்தியிலிருந்து பிறந்தது. நடந்த கதை என்பதனால் படம் நல்லதாகிவிடாது. நன்றாக இருப்பது, கொழும்புச் சேரியில் கடன்காரனுக்கு ஒளித்துத் திரியும் மனிதர்களின் நகைச்சுவைதான். இரு மொழியாருக்கும் பொதுவான அந்த ஒரு சொல்லையே தலைப்பாக வைத்ததும் எனக்குப் பிடிக்கும்.

கதையை எவ்வளவு சொல்லலாம்? தொடக்க நிலைமையைச் சொல்லலாம். அதற்கு மேல் வேண்டாம். விதானகேயின் ‘புரஹந்த களுவர’ 1997இல் எடுக்கப்பட்டு, 2000இல் அரசினால் தடுக்கப்பட்டு, 2001இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பினால் திரைக்கு வந்தது. பார்வையற்ற தந்தையிடம், போரில் இறந்த மகனின் உடல் என்று சொல்லி முத்திரையிட்ட பெட்டி ஒன்று வந்து சேர்கிறது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

தொலைக்காட்சித் தொடர்களுக்கு வேறு கணக்கு. முதல் அத்தியாயத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான்கு அத்தியாயமாவது பார்த்து, நிறுத்தினால் எங்கே நிறுத்தினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017இல் வந்த சிங்களத் தொடரான ‘கூம்பியோ’வை என் வீட்டில் மூன்றாம் அத்தியாயத்தில் கைவிட்டவர்களும் இருக்கிறார்கள், ஒரே மூச்சில் முடித்தவர்களும் இருக்கிறார்கள். நம் மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா சன் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘கதை நேரம்’ போன்றவற்றில் ஒவ்வொரு வாரமும் தனிச் சிறுகதை என்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனியே எடைபோடுவதுதான் முறை.

எழுதும்போது நட்சத்திரப் புள்ளி போடாதீர்கள். ஐந்துக்கு மூன்று என்றால் போவதா, விடுவதா என்று யாருக்கும் தெரியாது. கண்டது முதலில், பட்டது பிறகு, யாருக்கு ஏற்றது என்பது கடைசியில். ‘இனி அவன்’ படத்தை இரண்டாம் முறை பார்த்த பின் நான் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்புவது இது:

“2012, தமிழ், இயக்கம் அசோக ஹந்தகம. மண்டபத்தில் நல்ல பிரதியில் பார்த்தேன். போர் முடிந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் முன்னாள் போராளியை ஊரார் வரவேற்பதில்லை. அவனுக்குப் பெயரே இல்லை, தர்ஷன் தர்மராஜ் முகத்தாலேயே சமாளிக்கிறார். தலைப்பைச் சேர்த்து வாசித்தால் ‘இனியவன்’ என்றாகிறது. அவன் இனியவன்தானா என்ற ஐயம் படம் முழுக்க ஓடுகிறது. முதற்பாதி என்னை விடவில்லை. கடத்தல் கதை தொடங்கியதும் வேறு படத்துக்குள் போய்விட்டது போல இருந்தது. சண்டைப் படம் என்று நினைத்துப் போகவேண்டாம். பெரியவர்களோடு சேர்ந்து பார்க்கலாம்; ஆனால் முடிந்த பிறகு சற்று நேரம் யாரும் பேசமாட்டார்கள், தேத்தண்ணி போட்டு வையுங்கள்.”

இதன் கீழே பார்த்த திகதியையும் போட்டுவைக்கிறேன். முதல் தடவை, பஸ்ஸில் பார்த்துவிட்டு எழுதிய குறிப்பை நான் கிழிக்கவில்லை. அதுவும் அதே பக்கத்தில், மேலே ஒரு கோடு போட்டபடி இருக்கிறது.