பிளான் பாஸ் ஆனா போதுமா? வீட்டு ஓனர்கள் பண்ற தப்புகள்

பிளான் பாஸ் ஆன அன்னிக்கே நிறைய பேருக்கு பாதி வீடு கட்டின நிம்மதி வந்துடுது, பேப்பரை பீரோல வெச்சு பூட்டிட்டு அப்புறம் சைட்ல மேஸ்திரி சொல்றதுதான் சட்டம். அப்ரூவல்ங்கறது "நீ இப்படி கட்டிக்கலாம்"ங்கற அனுமதி மட்டும்தாங்க. அப்படியே கட்டியிருக்கியான்னு வந்து பார்த்து குடுக்கறது கம்ப்ளீஷன் சர்டிபிகேட். ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கறதுலதான் முக்கால்வாசி சிக்கல் ஆரம்பிக்குது.

நானும் மாட்டினவன்தான். பிளான்ல பக்கவாட்டுல 5 அடி செட்பேக், அதாவது காம்பவுண்ட் சுவருக்கும் வீட்டுக்கும் நடுவுல காலியா விட வேண்டிய இடம், "சுவத்தை முக்கால் அடி வெளிய தள்ளினா பாத்ரூம் தாராளமா வரும் சார்"னு மேஸ்திரி சொல்ல, நானும் தலையாட்டிட்டேன். எல்லாம் முடிஞ்சு ஆய்வுக்கு வந்தவர் பெயின்ட்டையும் பார்க்கல டைல்ஸையும் பார்க்கல, நேரா காம்பவுண்ட் சுவர்ல டேப்போட ஒரு முனையை பிடிக்கச் சொல்லி இழுத்தார், 4 அடி 3 இன்ச். அவ்ளோதான், ஃபைல் அங்கயே நின்னுடுச்சு. பில்லர் எல்லாம் பழைய இடத்துலயே இருந்ததால தப்பிச்சேன், அந்த ஒரு சுவத்தை மட்டும் இடிச்சு உள்ள தள்ளிக் கட்டினோம், புது டைல்ஸோட சேர்த்து.

"அப்புறம் ஃபைன் கட்டி சரி பண்ணிக்கலாம்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சில மாற்றத்துக்கு அந்த வழி இருக்கும், செட்பேக், உயரம், மாடி எண்ணிக்கை மாதிரி விஷயத்துல பெரும்பாலும் இடிக்கறதுதான் வழி. மாத்தணும்னு தோணுச்சுன்னா கட்டறதுக்கு முன்னாடியே ரிவைஸ்டு பிளான் போடுங்க. அப்படியே பர்மிட்டோட தேதியையும் பார்த்துக்கோங்க, வேலை இழுத்துக்கிட்டே போய் காலாவதி ஆனது தெரியாமலே மாடி போட்டவங்களும் இருக்காங்க.

அடுத்தது கான்கிரீட். கம்பி கட்டி முடிச்சதும் இன்ஜினியர் வந்து பார்க்கறதுக்கு முன்னாடியே, மிக்ஸர் வந்துடுச்சு, ஆள் வந்துடுச்சுன்னு அவசரமா கொட்டிடறாங்க. கொட்டினப்புறம் உள்ள எத்தனை எம்எம் கம்பி, எவ்ளோ இடைவெளின்னு யார் சொல்றது? கொட்டறதுக்கு முன்னாடி கம்பி மேல டேப் வெச்சு போட்டோ எடுத்து வைங்க. அதே கான்கிரீட்ல 150 எம்எம் க்யூப் (சதுரக் கட்டி) போட்டு எடுத்து, எவ்ளோ பலம்னு 28 நாள் கழிச்சு டெஸ்ட் பண்ற ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்க, அப்புறம் கட்டிடம் உறுதியா இருக்குன்னு சொல்ற ஸ்ட்ரக்சுரல் சர்டிபிகேட் வேணும்னு அலையும்போது இதான் கை குடுக்கும். சைட் பக்கமே வராம கையெழுத்து மட்டும் போட்டுத் தர்ற இன்ஜினியர் மலிவா கிடைப்பார், ஒரு விரிசல் வந்தா அவர் போன் எடுக்க மாட்டார்.

வீடா பாஸ் ஆனதை குடோனாவோ ஆபீஸாவோ மாத்தும்போது திரும்ப அனுமதி வாங்கணும்னே பலருக்கு தெரியறதில்ல. பேருக்கு கேக்கற ஃபார்மாலிட்டி இல்ல இது, கட்டிடம் தாங்கற எடை, ஆளுங்க வெளிய ஓடற வழி எல்லாமே மாறுது. 2013ல பங்களாதேஷ்ல இடிஞ்ச ராணா பிளாசா கடைக்கும் ஆபீசுக்கும்னு டிசைன் பண்ணது, அதுல துணி ஃபேக்டரிகள், ஜெனரேட்டர், போதாததுக்கு அனுமதி இல்லாம ஏத்தின மாடி வேற. 1,134 பேர் செத்தாங்க, முந்தின நாளே விரிசல் கண்ணுக்கு தெரிஞ்சும்.

சர்டிபிகேட் ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும்னு நினைக்கறதும் தப்பு. ஃபயர், லிஃப்ட் மாதிரி சிலதை அப்பப்போ புதுப்பிக்கணும், பழைய கட்டிடத்துக்கு மறு ஆய்வே தனியா கேக்கற ஊர்களும் இருக்கு. அமெரிக்காவுல ஃப்ளோரிடால 1981ல கட்டின சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத்ங்கற அடுக்குமாடி 2021 ஜூன்ல சரிஞ்சு 98 பேர் போனாங்க, அப்போ அதோட 40 வருஷ மறுசான்று வேலைதான் போய்க்கிட்டிருந்தது. நீச்சல் குளம் பக்கத்து தளத்துக்கு அடியில கான்கிரீட் சேதம்னு 2018லயே இன்ஜினியர் ரிப்போர்ட் குடுத்திருந்தார், ரிப்பேருக்கு காசு யார் போடறதுன்னே வருஷம் ஓடிடுச்சு.

கட்டின வீடோ ஃப்ளாட்டோ வாங்கறவங்க பத்திரத்தை நாலு தடவை படிக்கறாங்க, அப்ரூவ்டு பிளானை ஒரு தடவை கூட கேக்கறதில்ல. அதைக் கையில வெச்சுக்கிட்டு மாடியை எண்ணுங்க, பார்க்கிங் எங்க போட்டிருக்குன்னு பாருங்க, அங்க இப்போ ஒரு கடை ஷட்டர் தெரிஞ்சா அட்வான்ஸ் குடுக்காம வந்துடுங்க.