இத்தாலி விடுதியில் பாஸ்போர்ட்டும் பதிவும்: என்ன கொடுக்கணும், என்ன வாங்கணும்

இத்தாலியில் பெரிய ஹோட்டலோ, ஏர்பிஎன்பி வீடோ, கூடாரம் போடும் இடமோ, எங்கே தங்கினாலும் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் ஆக வேண்டும். 1931-ல் வந்த பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் 109-வது பிரிவு இன்னும் அமலில் இருக்கிறது. அதன்படி தங்க வருபவர்களின் விவரத்தை விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள், ஒரு நாளுக்கும் குறைவாகத் தங்கினால் 6 மணி நேரத்துக்குள், போலீஸின் இணையதளத்தில் ஏற்றிவிட வேண்டும். அதனால் ஜெராக்ஸ் போதாதா என்று வாதாடாமல் அசலையே எடுத்துக் கொடுங்கள்.

கொடுத்ததைக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்வதும் முக்கியம். பெயர், பிறந்த தேதி, குடியுரிமை, பாஸ்போர்ட் எண் போன்ற சில விவரங்கள்தான் அவர்கள் தட்டச்சு செய்ய வேண்டியது, அதற்குச் சில நிமிடம் போதும். "கூட்டமாக இருக்கிறது, காலையில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால், பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்று அங்கேயே உட்காருங்கள். பாஸ்போர்ட்டை இரவு முழுக்க வைத்துக்கொள்ள அவர்களுக்கு அவசியமே இல்லை.

வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் பாஸ்போர்ட் படம் கேட்டால், முதலில் விவரங்களை மட்டும் எழுதி அனுப்பி, அசலை நேரில் காட்டுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அனுப்பித்தான் தீர வேண்டும் என்றால் அந்த வீட்டின் பெயரையும் தேதியையும் படத்தின் குறுக்கே எழுதி அனுப்புங்கள்.

அடுத்தது நம்மில் பலர் கவனிக்காமல் விடுவது. சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டில் இறங்கி, குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்துவிட்டு ரோம் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், ரோமில் உங்களை யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள். ஆனால் இப்படி வேறொரு ஷெங்கன் நாடு (தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) வழியாக வரும் இந்தியரோ இலங்கையரோ, 8 நாளுக்குள் ‘குவெஸ்தூரா’ என்னும் போலீஸ் அலுவலகத்தில் வந்த விவரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது 2007-ம் ஆண்டுச் சட்டம், தெரிவிக்காதவரை வெளியேற்றவும் அதில் இடம் இருக்கிறது. ஹோட்டலில் தங்கினால் அலைச்சல் இல்லை, நீங்கள் கையெழுத்திடும் பதிவுப் படிவமே அந்த அறிவிப்பாகிவிடும், அதன் நகலை மட்டும் கேட்டு வாங்கி இத்தாலியை விட்டுக் கிளம்பும்வரை பத்திரமாக வையுங்கள்.

மாமா வீட்டிலோ நண்பர் வீட்டிலோ தங்கினால் அந்த வசதி கிடையாது. நீங்களே குவெஸ்தூராவுக்குப் போக வேண்டும். அதுபோக, வெளிநாட்டவரைத் தங்க வைத்ததை வீட்டுக்காரரும் 48 மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், இதைக் கிளம்பும் முன்பே போனில் அவரிடம் பேசி வைத்துவிடுங்கள்.