ஓர் 'எச்' தின்ற ஒன்பது நாள்: ஊரில் வீடு விற்க, வாங்கப் போகிறவர்களுக்கு

போன ஜூலையில் ஒன்பது நாள் லீவு போட்டு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து மலேசியாவில் இருக்கும் ஊருக்குப் போனேன். இறந்துபோன அப்பா பேரில் இருக்கும் வீட்டைப் பிள்ளைகள் மூவர் பேருக்கும் மாற்றி, விற்பதா வேண்டாமா என்று பேசி முடித்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். வர ஒரு நாள், திரும்ப ஒரு நாள். நடுவிலிருந்த ஏழு நாளை 'எச்' என்ற ஓர் ஆங்கில எழுத்து தின்றுவிட்டது. அதனால் நாசி லெமாக் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்பதெல்லாம் இதில் கிடையாது. வீடு, நிலம், பங்கு என்று ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன்.

ஊர் சிலாங்கூர் கடலோரம். பேரைச் சொன்னால் எந்த நில அலுவலகம் என்று தெரிந்துவிடும், வேண்டாம். அங்கே முகப்பில் இருந்தவர்கள் நல்லவர்கள்தான். அதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது, யாரையும் திட்ட முடியவில்லை.

நான் பிறந்தது லயத்து வீட்டில். முதலில் சுற்றிலும் பால்மரம் (ரப்பர்), அப்புறம் செம்பனை. 1998-ல் சிப்பாங்கில் விமான நிலையம் திறந்த பிறகு எங்கள் பக்கத்துக் கடலோரம் மெல்ல மெல்ல தாமான்களாக, அதாவது குடியிருப்பு வீட்டு வரிசைகளாக, மாறியது. காலையில் தொழிலாளரைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். தமிழ்ப்பள்ளி மட்டும் இன்னும் தன் பலகையில் தோட்டம் என்று பொருள்படும் 'லாடாங்' என்ற சொல்லை விடாமல் வைத்திருக்கிறது. புதுத் தாமான்களுக்கெல்லாம் கடல் பேர், அலை பேர். மாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. பாக்காவ் என்ற அலையாத்திக் காடும் மண் அணையும்தான் தெரியும்.

வீடு வாங்க வருகிறவர்கள் முன்வாசல் கேட்டைப் பார்த்து மயங்காமல் நேரே அடுப்படிக்குப் போங்கள். இங்கே மண் கடலோரக் களி. வீட்டைக் கட்டிய கம்பெனி அடியில் பைலிங் (ஆழத் தூண்) அடித்திருக்கும். பிற்பாடு வீட்டுக்காரர் பின்னால் இழுத்துக் கட்டிய அடுப்படிக்குப் பெரும்பாலும் யாரும் அடித்திருக்க மாட்டார்கள். வீடு நிற்கும், அடுப்படி இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருக்கும்; தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால் பின்கதவுக்கு ஓடும். புதுச் சாயம் அடித்திருந்தால் இன்னும் உற்றுப் பாருங்கள். 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி மோரிப் கரையில் இறங்கிய பிரிட்டிஷ் படையின் வண்டிகளே புதைந்து நின்ற மண் இது. எங்கள் அடுப்படியும் அப்படித்தான், அம்மா அரிசி களைந்த தண்ணீர் எப்போதும் ஒரே மூலையில் போய்த் தேங்கும். விலை பேச வந்த ஏஜெண்டு உள்ளே வந்ததும் அந்த மூலைக்குத்தான் போனார். அவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

ஏஜெண்டு என்றதும் ஒன்று. பதிவு பெற்றவரிடம் எண்ணோடு அட்டை இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள். கமிஷன் விற்கிறவர் கொடுப்பது, உச்சம் 3 விழுக்காடு. வாங்க வந்தவரிடம் 'தே காசு' என்று டீச் செலவுக்குக் கைப்பணம் கேட்கும் உறவுக்காரரை என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

பிறகு கிராண்ட், அதாவது நில உரிமைப் பத்திரம். நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி 'சாரியான்' எடுத்தால் பதிவேட்டில் உள்ளது அப்படியே வரும். நிரந்தர உரிமையா, 99 வருடக் குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருடம் மிச்சம் என்று பாருங்கள். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம், நம் பேருக்கு மாறாது. மலிவு விலை வீடுகளில் பெரும்பாலும் 'செக்காத்தான்' என்ற தலைப்பில் ஒரு வரி இருக்கும்: மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் கை மாற்றக் கூடாது என்று. அந்த ஒரு வரிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். ஒப்பந்தம் போடும்போது 10 விழுக்காடு முன்பணம், மூன்று மாதத்தில் மீதி என்பது வழக்கம். ஒப்புதல் தேவைப்படும் வீட்டில் அந்த மூன்று மாதம் ஒப்புதல் கைக்கு வந்த பிறகே ஓடத் தொடங்குமாறு எழுதுவார்கள். ஒரு வாரத்தில் விற்றுவிட்டுப் பணத்தோடு விமானம் ஏறலாம் என்று நினைப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

'காவியாட்' இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த நிலத்தில் எனக்கும் உரிமை உண்டு என்று ஒருவர் மனுப் போட்டுப் பதிந்துவிட்டால் விற்பனை அப்படியே நிற்கும். தனியார் காவியாட்டுக்கு ஆயுள் ஆறு வருடம். எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கவில்லை என்று தொடங்கிய மனத்தாங்கல் கடைசியில் காவியாட்டில் போய் நின்றது.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. குடிமக்களுக்கான நீல அடையாள அட்டையை, ஐ.சி.யை, திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து நீங்கள் அயலார். நிலம் வாங்க மாநில ஒப்புதல் வேண்டும், பல மாநிலங்களில் குறைந்தபட்ச விலையே பத்து லட்சம் வெள்ளியிலிருந்துதான் (ரிங்கிட்) ஆரம்பம். விற்கும்போது குடிமகன் வாங்கி ஐந்து வருடம் தாண்டிவிட்டால் 2022 முதல் சொத்து ஆதாய வரி இல்லை; அயலாருக்கு அதற்குப் பிறகும் எத்தனை வருடமானாலும் 10 விழுக்காடு உண்டு. நான் இருபத்திரண்டு வருடமாக நிரந்தரவாசியாகவே காலத்தை ஓட்டுகிறேன். கேட்பவர்களிடம் இந்த வரிக் கணக்கைத்தான் காரணமாகச் சொல்வேன்.

சரி, எச்சுக்கு வருகிறேன்.

அப்பா இந்த வீட்டை 1986-ல் 25,000 வெள்ளிக்கு வாங்கினார், அன்றைய மலிவு விலை வீட்டுக்கு அதுதான் விலை. சேமநிதிப் பணமும் அம்மாவின் தாலிக்கொடியும் போயின. உயில் எழுதவில்லை. அம்மா முன்பே போய்விட்டார். இப்படி உயிலில்லாமல் வீடு, நிலம் விட்டுப் போனவர்களின் சொத்து 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. நிலம் இருக்கும் மாவட்டத்தின் நில அலுவலகத்திலேயே சிறு சொத்துப் பங்கீட்டுக்கு 'படிவம் ஏ' எழுதிக் கொடுக்கலாம், வக்கீலும் வேண்டாம். 2024 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 20 லட்சம். விசாரணைக்கு ஒரு நாள் குறிப்பார்கள். வாரிசுகள் எல்லோரும் நேரில் வர வேண்டும். வர முடியாதவர் 'டி.டி.ஏ.' என்ற சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இஸ்லாமியர் அல்லாதவர்களுக்குத் தீபகற்பத்தில் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம். தாயும் தகப்பனும் இல்லாத நிலையில் பிள்ளைகளுக்குச் சமபங்கு, ஆண் பெண் பேதமில்லை. கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு ஏது பங்கு என்று ஊரில் யார் சொன்னாலும் சிரித்துவிட்டு வாருங்கள். நான் சிரிக்கவில்லை, வாதாடினேன். அதுதான் தப்பு.

புதன்கிழமை விசாரணை. நான், அண்ணன், சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய தம்பி. அதிகாரி எங்கள் பிறப்புப் பத்திரங்களைக் கிராண்ட் நகலோடு வரிசையாக மேசையில் வைத்தார். கிராண்டில் அப்பா பேரில் ஓர் 'எச்'. அடையாள அட்டையில் எச்சே இல்லை. என் பிறப்புப் பத்திரத்தில் இரண்டு. தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) அன்று காதில் விழுந்தபடி எழுதியது. என் நேரம், அன்று அவருக்கு எச் தாராளமாக வந்திருக்கிறது. "இவரும் இவரும் ஒரே ஆள்தானா?" என்று அதிகாரி மலாயில் கேட்டார். கேள்வி புரிந்தது. பதில் நாக்கில் வரவில்லை, 'யெஸ்' என்று வந்தது. அண்ணன்தான் எனக்காகப் பேசினார். பெற்ற அப்பா என் அப்பாதான் என்று எனக்காக இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று விதமாக எழுதிய பேரும் ஒருவருடையதே என்று சத்தியப் பிரமாணம் எழுதி வரச் சொன்னார்கள். வியாழக்கிழமை சத்தியப் பிரமாண ஆணையர் மாடிப்படி ஏறிப் போனால் பூட்டு. வெள்ளிக்கிழமை காலை கையெழுத்தும் முத்திரையும் கிடைத்தது, ஓடி வந்தேன், மணி 12.20. வெள்ளிக்கிழமை இடைவேளை 12.15-க்குத் தொடங்கி 2.45 வரை என்பதை நான் மறந்தே போயிருந்தேன். பெர்த்தில் வெள்ளிக்கிழமையும் மற்ற நாள் மாதிரிதான். திறந்த பிறகு போனால் கோப்பைப் பார்க்கும் அதிகாரி வெளியே போயிருந்தார். சனி, ஞாயிறு. திங்கட்கிழமை அவர் 'குர்சுஸ்', பயிற்சிக்குப் போயிருந்தார். செவ்வாய்க்கிழமை பிரமாணத்தை வாங்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு அடுத்த விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள்: ஆகஸ்ட் மூன்றாம் வாரம். என் விமானம் மறுநாள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் நில வரி இரண்டு வருடமாகக் கட்டவில்லை என்பதும் தெரிந்தது. அப்பா பேருக்கு வந்த பில்லை யாருக்கும் பிரிக்க மனமில்லை. பாக்கி நீண்டு 'படிவம் 6ஏ' என்ற நோட்டீஸ் வந்து, அதற்கும் கட்டாவிட்டால் நிலமே அரசுக்குப் போய்விடும். அங்கேயே கட்டினேன்.

ஆகவே கிளம்பும் முன் செய்ய வேண்டியது: எல்லாப் பத்திரங்களிலும் பெற்றோர் பேரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் விசாரணைக்கு முன்பே பிரமாணம் எழுதி வையுங்கள். வெள்ளிக்கிழமையைக் கணக்கில் எடுக்காதீர்கள். இன்னும் நல்லது, பெற்றோர் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே உயில் எழுதச் சொல்வது. எனக்கு அதைக் கேட்க வாய் வரவில்லை. வருடத்துக்கு ஒரு முறை வந்து நிற்கிறவள் வீட்டைப் பற்றிப் பேசினால் என்ன நினைப்பார்கள் என்று பயந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை இடைவேளையை அலுவலகத்துக்கு எதிரே இருந்த மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) கழித்தோம். நீங்கள் கழிக்காதீர்கள். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தால் பேச்சு வரத்தான் செய்யும். தம்பி போன் பேச எழுந்து போனதும் அண்ணன் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து தே தாரிக் கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தார். டி.டி.ஏ. படிவம். என் பேர், ஐ.சி. எண் எல்லாம் ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. என் பங்கை அவருக்கு விட்டுக்கொடுப்பதாக.

"தம்பி சரின்னுட்டான். நீயும் போட்டுட்டுப் போ பாப்பா."

"சட்டப்படி மூணுல ஒண்ணு என்னுது."

"சட்டப்படி உன்னுதுதான். யாரு இல்லன்னா?"

அதோடு விட்டிருக்கலாம். நான்தான் விடவில்லை. மாதாமாதம் ஐந்நூறு வெள்ளி அனுப்பினேனே என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அண்ணன் கத்தவில்லை. கிளாஸில் படிந்த ஆடையைக் கரண்டியால் ஓரமாக ஒதுக்கினார். "திங்கள், புதன், வெள்ளி," என்றார். அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள்கள். மூன்றரை வருடம், லோரி வேலையில் பாதிச் சம்பளம் போக, அவர்தான் தூக்கிப் போய்த் தூக்கி வந்தார். அந்த அடுப்படி மூலையில் வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று சுவரில் இரும்புப் பிடி ஒன்று அடித்திருக்கிறார். ஏஜெண்டு அதை எடுத்துவிட்டால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்றார்.

வீட்டுக்கு ஏஜெண்டு சொன்ன விலை இரண்டரை லட்சம். மூன்றில் ஒன்று என்றால் எண்பதாயிரத்துச் சொச்சம் வெள்ளி. நான் அதை டாலரில் மாற்றிப் பார்த்தேன், அந்த மேசையிலேயே, போனை மடியில் வைத்துக்கொண்டு. அண்ணன் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

படிவத்தில் கையெழுத்துப் போடாமல் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். யோசித்து அனுப்புகிறேன் என்றேன். அனுப்பாவிட்டால் விசாரணை மறுபடி தள்ளிப் போகும். இல்லை, அதிகாரி சட்டப்படி மூவர் பேரிலும் சமமாக எழுதுவார். அப்படி எழுதினால் பிற்பாடு விற்க 14ஏ என்ற பேர்மாற்றப் படிவத்தில் மூவரும் கையெழுத்திட வேண்டும், மலிவு விலை வீட்டுக்கான மாநில ஒப்புதலும் வேண்டும். அதுவரை அண்ணனும் அண்ணியும் தங்கள் சொந்த வீட்டில் என் பங்குக்குக் காவல் இருப்பது மாதிரி இருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து கையெழுத்திடுகிறவர்கள் மலேசியத் தூதரக அதிகாரி முன்னிலையில் இடுவது நல்லது. சாட்சி சரியில்லை என்று தாள் திரும்பி வந்தால் இன்னொரு மாதம் போகும். அசல் ஐ.சி.யும் பாஸ்போர்ட்டும் கொண்டுபோங்கள், நகலை நம்பிப் போகாதீர்கள். முன்கூட்டியே நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெர்த்தில் துணைத் தூதரகம் என் வேலையிடத்திலிருந்து ரொம்ப தூரமில்லை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்விட்டு வந்துவிடலாம். படிவம் மேசை இழுப்பறையில், பில்களுக்கு அடியில் இருக்கிறது. இன்று ஆகஸ்ட் 9.