கேட்ல கோட்டை விடுற விஷயங்கள்

இலங்கை மலைநாட்டுல நுவரெலியா, பண்டாரவளை, கண்டிப் பக்கமெல்லாம் இப்ப கேட் போட்ட ஹவுசிங் ஸ்கீம் நெறைய வந்துருச்சு, கேட்டும் இருக்கு, கெமராவும் இருக்கு, ஆனா நேத்து ராத்திரி உள்ள எந்த வண்டி நின்னுச்சுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. காரணம் ரொம்ப சிம்பிள். வர்ற வண்டிய எழுதுறாங்க, போற வண்டிய எழுதுறதில்ல. பெயின்ட் வேலைக்கு காலைல வந்த வேன் சாயங்காலம் போச்சா இல்லையான்னு ரெஜிஸ்டர்ல இல்லாட்டி அந்த ரெஜிஸ்டர் எதுக்கு? வெளிய போன நேரத்துக்கு ஒரு கட்டம் கட்டாயம் வேணும், ஷிப்ட் மாறும்போது உள்ள நிக்கிற வெளி வண்டிங்க நம்பர மட்டும் தனியா எழுதி அடுத்த செக்யூரிட்டிகிட்ட குடுத்து அவர்கிட்ட கையெழுத்து வாங்கணும். இன்னொன்னு, நம்ம ஊரு ஈரத்துல தாள் நமுத்துப்போயி பேனா எழுதாது, அப்புறம் 3ஆ 8ஆன்னு யாருக்கும் புரியாது. பென்சில் வாங்கி வைங்க, நூறு ரூபா செலவில்ல.

நம்பர் ப்ளேட்ட மட்டும் நம்புறதும் தப்பு. முன் கண்ணாடில ஒட்டியிருக்கிற ரெவனியூ லைசன்ஸ்லயும் (வருஷா வருஷம் எடுக்குற வண்டி வரி அனுமதி) வண்டி நம்பர் இருக்கும், சந்தேகம் வந்தா ரெண்டையும் ஒத்துப் பாக்க அஞ்சு செக்கன் போதும், அத யாரும் செய்றதில்ல.

கெமராவுக்கு வருவோம், காசு அதிகமா வீணாப் போறது இங்கதான். கொழும்புல மாட்டுற மாதிரியே உயரமான போஸ்ட்ல மாட்டிட்டு போயிடுறாங்க. மிஸ்ட் எறங்குன உடனே இருட்டுல படம் எடுக்க கெமராவுலயே இருக்கிற, கண்ணுக்கு தெரியாத இன்ஃப்ராரெட் லைட்டே பனில பட்டு திரும்பி வந்து படம் முழுக்க வெள்ளையாயிடும். லைட்ட கெமராவுக்கு பக்கத்துல வைக்காம தள்ளி, தாழ்வா, சைட்ல இருந்து அடிக்கிற மாதிரி வைக்கணும், கெமராவையும் வண்டி நிக்கிற எடத்துக்கு கிட்டவே கொண்டு வரணும். அதுலயும் நம்ம கேட் பாதி ஏத்தத்துலதான் இருக்கும், ஏறி வர்ற வண்டியோட ஹெட்லைட் நேரா லென்ஸுக்குள்ளயே அடிக்கும், அதனால பின்னாடி இருக்கிற மஞ்சள் ப்ளேட்ட பிடிக்கிற மாதிரி இன்னொரு கெமரா வைக்கிறது நல்லது. மழைக்காலத்துல தோட்டத்து ரோட்டுல வர்ற வண்டி ப்ளேட்ல சேறு அப்பியிருக்கும், அதுக்கு ப்ளேட் நம்பர வாசிக்கிற எந்த சொஃப்ட்வெயரும் சரிவராது, ஒரு பழைய துணிதான். பழைய மொரிஸ் மைனர், லேண்ட்ரோவர்ல இருக்கிற சிங்கள ஸ்ரீ எழுத்து ப்ளேட்டயும் வெளிநாட்டு சொஃப்ட்வெயர் வாசிக்கும்னு நம்பாதீங்க, வாங்க முன்னாடி டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

கேட்டுக்கு முன்னால வண்டி நிக்கிற எடம் சமமா இருக்கணும், இல்லாட்டி லோட் லொறி பின்னாடி உருளும். கரண்ட் போனா தடுப்ப கையால தூக்குற சாவி செக்யூரிட்டி ரூம்லயே இருக்கணும், கொமிட்டி தலைவர் வீட்டுல இல்ல. 2022ல மணிக்கணக்கா கரண்ட் வெட்டுன நாள்கள மறந்துட்டீங்களா?

1990ங்கிற நம்பருக்கு கோல் பண்ணா வர்ற ஆம்புலன்ஸ் வந்தா மொதல்ல தொறங்க, நம்பர அப்புறம் எழுதலாம்.

அப்புறம் எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம். கறுப்பு கண்ணாடி போட்ட பெரிய ஜீப் வந்தா சல்யூட் அடிச்சு தொறக்குறது, பின்னாடியே காய்கறி மூட்டையோட வர்ற த்ரீவீல் அண்ணன எறக்கி ஐசி (அடையாள அட்டை) கேட்டு நிக்க வைக்கிறது. திருடப்போறவன் நல்ல வண்டிலதான் வருவான், நல்ல வண்டிய நிறுத்தமாட்டீங்கன்னு அவனுக்கு தெரியும். ஏப்ரல் சீசன்ல வாடகைக்கு எடுத்த வீடுகளுக்கு வெளியூர் வண்டி வந்து குவியும், அப்ப யாரு விருந்தாளின்னு தோற்றத்த வச்சு எப்படி சொல்லுவீங்க? யாரா இருந்தாலும் எந்த வீட்டுக்குன்னு கேட்டு, அந்த வீட்டுக்கு ஒரு கோல் போட்டு உறுதி பண்ணிட்டு விடுங்க, எல்லாருக்கும் ஒரே சட்டம்.

ஐசிய வாங்கி லாச்சில போட்டு வைக்கிறதும் வேணாம். வண்டி நம்பர், வீட்டு நம்பர், நேரம் போதும். ஐசி நம்பரும் போன் நம்பரும் எழுதுன பக்கத்த அடுத்து வர்றவன் முன்னாடி விரிச்சு வச்சா யாரு வேணும்னாலும் போட்டோ எடுத்துட்டு போகலாம், 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததுக்கு அப்புறமும் இப்படித்தான் நடக்குது. செக்யூரிட்டியே எழுதி, உடனே மூடி வைக்கட்டும், முடிஞ்ச ரெஜிஸ்டர கொமிட்டி அலுமாரில பூட்டுங்க, பழைய பேப்பர் கடைக்கு போட்றாதீங்க.